மதியின் மறுவும் சித்திரக்காரன் கண்ணும்

பிளாரன்ஸ் நகரத்தின் தேசிய நூலகத்தில், கலிலியோவின் கையெழுத்துப் பிரதிகளோடு சேர்த்துப் பாதுகாக்கப்பட்டுவரும் ஒரு தாளில், பழுப்பு மசியை நீரில் கரைத்துத் தூரிகையால் தீட்டிய சந்திர பிம்பங்கள் சில இருக்கின்றன. பாதுவா நகரத்துச் சர்வகலாசாலையில் கணித ஆசிரியராக இருந்த அவர், 1609-ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில், தாமே தேய்த்து மெருகேற்றிய கண்ணாடிகள் பொருத்திய தொலைநோக்கியின் வழியே மதியை இரவிரவாக நோக்கித் தீட்டியவை அவை. வான சாஸ்திரத்தின் சரித்திரம் எழுதுகிறவர்கள் அந்தத் தாளை ஒரு சான்றாகக் காட்டிவிட்டு மேலே சென்றுவிடுவது வழக்கம். ஓவியத்தின் சரித்திரம் எழுதுகிறவர்களோ, அது விஞ்ஞானிகளின் ஆஸ்தி என்று எண்ணி, நெடுங்காலம் அந்தப் பக்கம் திரும்பாமலே இருந்துவிட்டார்கள். என் அபிப்பிராயத்தில் அது முதலில் ஒரு சித்திரம். சித்திரம் என்ற முறையில் அதை நின்று ரசித்தவனுக்குத்தான், நூற்றாண்டுக் கணக்காகப் பண்டிதர்களின் புத்தியை அலைக்கழித்த ஒரு பிரச்னை அந்தத் தூரிகையின் நுனியில் எவ்வாறு தீர்ந்தது என்பதும் விளங்கும்.

நல்ல நகலொன்றில் பார்த்தாலும் அதன் நயம் தப்பாது. ஒளியைக் காட்டுவதற்கு அவர் தனியாக ஒரு நிறத்தை நாடவில்லை. தாளின் வெறுமையையே சந்திரனின் பிரகாசமாக நிறுத்திக்கொண்டு நிழலை மட்டும் தீட்டியிருக்கிறார். மெல்லிய மசியில் ஒரு பூச்சு, அதன்மேல் சற்றே கனத்த மசியில் இன்னொரு பூச்சு என்று படிப்படியாகக் கருமையை ஏற்றிக்கொண்டு போய், ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லையை அடைந்ததும், தூரிகையின் முனையால் சின்னஞ்சிறு தீற்றல்களாக நிழல்களை வைத்து, அவற்றுக்கு இடையிடையே வெண்மையைப் பொட்டுப் பொட்டாக விட்டுவைத்திருக்கிறார். இப்படி விட்டுவைப்பது சாமானியமான காரியமல்ல என்பது மசியைக் கரைத்துத் தீட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும். ஒருமுறை படிந்த மசியை வழித்தெடுக்க முடியாத அந்த முறையில், எங்கே தூரிகை படலாகாது என்பதைத் தூரிகை தாளைத் தொடுவதற்கு முன்பே மனம் நிச்சயித்திருக்க வேண்டும். அதாவது, பார்த்த பொருள் இன்னது என்பது தீட்டுகிறவனுக்கு முன்னமே அர்த்தமாகியிருக்க வேண்டும். சில பிம்பங்களைச் சுற்றி ஆகாயத்தின் கருமையையும் பூசியிருப்பதால், மதி தட்டையான வட்டமாக இராமல், வெளியில் உருண்டு திரண்டு நிற்கும் கோளமாக நம் முன் எழுகிறது.

சந்திரனில் மறு இருப்பது கண் படைத்த எல்லாரும் அறிந்ததே. நம் நாட்டார் அதில் முயலைக் கண்டார்கள். முயல் இருந்ததனால் மதியின் அழகுக்கு ஒரு குறைவும் வந்துவிட்டதாக அவர்கள் வருந்தவில்லை. ஐரோப்பியப் பண்டிதர்களுக்கோ அந்த மறு பெரிய சங்கடமாக இருந்தது. சந்திரன் முதலாக அதற்கு மேலே உள்ள வான வஸ்துக்கள் யாவும் மாறுதலும் மாசும் அற்ற பூரணக் கோளங்கள் என்பது அரிஸ்டாட்டிலைப் பின்பற்றியவர்களின் சித்தாந்தம். பூரணத்தில் கறை வந்தது எப்படி என்ற கேள்விக்கு, சந்திரனுடைய பொருள் ஓரிடத்தில் அடர்ந்தும் ஓரிடத்தில் ஐதாகவும் இருப்பதால் ஒளியை ஏற்பதில் வேறுபாடு தோன்றுகிறது என்றும், சந்திரன் ஒரு கண்ணாடியாக நின்று பூமியின் நிலத்தையும் கடலையும் பிரதிபலிக்கிறது என்றும் அவர்கள் பலவாறு சமாதானம் சொல்லிவந்தார்கள். புளூடார்க் போன்ற ஒருசிலர் சந்திரனில் மலைகள் இருக்கக்கூடும் என்று ஊகித்ததும் உண்டு. ஆனால் ஊகம் வேறு, நிரூபணம் வேறு. அந்தச் சமாதானங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்த குறை ஒன்றுதான்: கறுப்பாக இருப்பதையெல்லாம் அவர்கள் நிறமாகவே கொண்டார்களேயன்றி, அதில் நிழலும் இருக்கக்கூடுமோ, இருந்தால் அந்த நிழலை வீழ்த்தியது எது என்று கேட்கவில்லை.

கேட்காதவர்களில் மிகச் சிறந்த புத்திமான் ஒருவரும் இருந்தார். கலிலியோவுக்குச் சில மாதங்கள் முந்தியே, பழைய இங்கிலீஷ் பஞ்சாங்கப்படி 1609-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி, லண்டனுக்கு அருகிலுள்ள ஸையன் மாளிகையிலிருந்து தாமஸ் ஹாரியட் என்ற கணித நிபுணர் தொலைநோக்கியைச் சந்திரன்பால் திருப்பி, கண்டதை வரைந்து தேதியும் இட்டுவைத்தார். தேதியிட்டு நமக்குக் கிடைத்திருக்கும் சந்திர சித்திரங்களில், தொலைநோக்கி வழியாகப் பார்த்து வரைந்தவற்றுள் அதுவே முதலாவது. ஹாரியட் சாதாரண மனிதரல்ல. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும்போது வளையும் விதியைத் தமக்குள்ளேயே கண்டுபிடித்து வைத்திருந்தவர். ஒன்றைவிட ஒன்று பெரிது, சிறிது என்று காட்ட இன்று நம் குழந்தைகள் போடும் குறிகள் அவருடைய நூலின் மூலமாகவே அச்சுக்கு வந்தன. அப்படிப்பட்டவர் வரைந்த பிறையில், ஒளியின் எல்லையாகக் கோணல்மாணலான ஒரு கோடும், உள்ளே சில மங்கல் தீற்றல்களும் இருக்கின்றனவே தவிர, மேடு என்றோ பள்ளம் என்றோ ஒன்றும் இல்லை. கோடு கோணலாக இருப்பதை அவருடைய கண் கண்டது. கை அதை நேர்மையாகப் பதிந்தது. ஏன் கோணல் என்ற கேள்வி மட்டும் எழவில்லை. அவருடைய நண்பரான வில்லியம் லோயர் என்பவர், தொலைநோக்கியில் சந்திரனைப் பார்த்துவிட்டு, தம் சமையற்காரர் செய்துகொடுத்த பண்டம் ஒன்றுபோல அங்கங்கே வெளிறியும் கறுத்தும் குழம்பிக் கிடப்பதாகக் கடிதம் எழுதினார்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஹாரியட்டின் தொலைநோக்கி பொருளை ஆறு மடங்குதான் பெரிதாக்கியது. கலிலியோவினுடையது இருபது மடங்கு பெரிதாக்கியது. கருவியின் வேற்றுமை சின்ன விஷயமல்ல. ஆயினும் கருவி ஒன்றே காரணம் என்று ஒப்ப என் மனம் இடம் தரவில்லை. கலிலியோ தாம் கண்டதை நூலாக வெளியிட்ட பின்னர், 1610-ஆம் ஆண்டு ஜூலையில் ஹாரியட் வரைந்த சந்திரனில் வட்டமான பள்ளங்கள் தெளிவாக வந்துவிட்டன. பார்க்க வேண்டியது இன்னதென்று ஒரு சித்திரம் அவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. இதில் என் மனத்தை உறுத்தும் இன்னொரு செய்தியும் உண்டு. இளமையில் ஹாரியட் அமெரிக்காவின் ரோனோக் குடியேற்றத்துக்குப் போனபோது, அவரோடு கூடவே இருந்து அந்நாட்டு மக்களையும் மீன்களையும் செடிகொடிகளையும் நீர்வர்ணத்தில் அற்புதமாகத் தீட்டியவர் ஜான் வைட் என்ற ஓவியர். அந்த வித்தை ஹாரியட்டின் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் இன்னொருவர் கையில் இருந்தது.

கலிலியோவுக்கு அது தம் கையிலேயே இருந்தது. அவர் 1564-இல் பிறந்தவர். தந்தை சங்கீத வித்வான். பிறப்பதற்கு முந்தின ஆண்டில்தான் பிளாரன்ஸில், ஓவியர் வசாரியின் முயற்சியால், சித்திரக் கலைக்கென்று ஒரு கழகம் ஸ்தாபிக்கப்பட்டிருந்தது. பீஸா நகரத்தில் வைத்தியம் படிக்கப் போன கலிலியோவை அந்தப் படிப்பிலிருந்து கணிதத்தின்பால் இழுத்தவர் ஒஸ்தீலியோ ரிச்சி. அந்த ரிச்சியே சித்திரக்காரர்களுக்கும் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். பின்னாளில் பெரிய ஓவியராகப் பெயரெடுத்த சிகோலியும் கலிலியோவும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். ஆயுள் முழுவதும் நண்பர்கள். கலிலியோவின் கடைசிக் காலத்துச் சீடரான விவியானி தம் குருவின் சரிதையில், இளமையில் தொழிலைத் தாமே தேர்ந்துகொள்ளும் சுதந்திரம் வாய்த்திருந்தால் ஓவியத்தையே தேர்ந்திருப்பேன் என்று அவர் நண்பர்களிடம் சொல்வதுண்டு என்று எழுதிவைத்திருக்கிறார். 1613-இல் அந்தச் சித்திரக் கழகமே கலிலியோவைத் தன் அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது.

அந்தக் காலத்து இத்தாலியச் சித்திரப் பயிற்சி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், வெனிஸில் வெளிவந்த பார்பரோவின் நூலையோ, 1596-இல் வெளிவந்த சிரிகாத்தியின் நூலையோ புரட்டிப் பார்க்கலாம். பெர்ஸ்பெக்டிவ் என்று நம் ஓவியப் பள்ளிகளில் வழங்கும் தூரநோக்குச் சாஸ்திரத்தைக் கற்பிக்கும் நூல்கள் அவை. அவற்றில் மாணாக்கன் வரைந்து பழக வேண்டிய பொருள்கள் பூவும் கிளியும் அல்ல. முள் முள்ளாகக் கூம்புகள் துருத்திக்கொண்டிருக்கும் உருண்டைகள், பட்டை பட்டையாகச் செதுக்கிய வளையங்கள். மஸ்ஸோக்கியோ என்ற பெயருடைய அந்த வளையம் ஒருகாலத்தில் பிளாரன்ஸ் நகரத்தார் அணிந்த தலையணியின் உட்சட்டம். அதை எந்தக் கோணத்தில் சாய்த்து வைத்தாலும், எந்தத் திசையிலிருந்து விளக்கைக் காட்டினாலும், எந்தப் பட்டையில் ஒளி விழும், எது இருளும், ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் எங்கே எப்படி வளைந்து விழும் என்பதைக் கணக்கிட்டு வரைந்து காட்ட வேண்டும். உச்செல்லோ என்ற பழைய ஓவியர் அந்த வளையத்தை வரைவதிலேயே பித்துக்கொண்டவராக இருந்தார். இதில் என்ன அழகு என்று கேட்பவர்கள் உண்டு. அழகும் இருக்கிறது, அதைவிட முக்கியமாக, இது பிரச்னைகளைத் தீர்க்கும் பயிற்சி. உருவமும் விளக்கும் தெரிந்திருக்க நிழலைக் கண்டுபிடி என்பது மாணாக்கனுக்கு இடும் கணக்கு. அந்தக் கணக்கை ஆயிரம் முறை போட்டவனுக்கு, நிழலும் விளக்கும் தெரிந்திருக்க உருவத்தைக் கண்டுபிடி என்று எதிர்த்திசையில் கேட்டாலும் விடை சொல்லத் தெரியும். முள் உருண்டைகளை வரைந்து பழகிய ஒருவர் தொலைநோக்கி வழியே சந்திரனைப் பார்த்தபோது நேர்ந்தது இதுதான் என்று கலை வரலாற்று அறிஞர் சாமுவேல் எட்ஜர்டன் விரிவாக எடுத்துக் காட்டியிருக்கிறார். அந்த வாதம் எனக்கு முழுச் சம்மதம்.

ஒரு கிண்ணத்தையும் ஒரு பந்தையும் மேஜைமேல் வைத்துப் பக்கவாட்டில் ஒரு விளக்கை ஏற்றிப் பாருங்கள். பந்தில் விளக்கை நோக்கிய பக்கம் ஒளிர்கிறது, அப்பாலுள்ள பக்கம் இருள்கிறது. கிண்ணத்தின் உட்புறத்திலோ இது தலைகீழ்: விளக்கை அடுத்த பக்கத்து உட்சுவர் இருண்டும், எதிர்ப்பக்கத்து உட்சுவர் ஒளி பெற்றும் இருக்கும். மேட்டையும் பள்ளத்தையும் வேறுபடுத்திக் காட்டுவது இந்த ஒரு விதிதான். விளக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்பதை மறந்தால் கண் ஏமாந்து மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் கொண்டுவிடும். ஆகவே சித்திரக்காரன் எந்தப் பொருளைப் பார்த்தாலும் முதலில் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது. சந்திரனைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்கு விடை சந்தேகத்துக்கு இடமில்லாதது. வெளிச்சம் சூரியனிடமிருந்து வருகிறது, சூரியன் இருக்கும் திசையும் தெரியும். கலிலியோ கண்ட சிறு மறுக்கள் ஒவ்வொன்றிலும் கறுத்த பகுதி சூரியனை அடுத்த பக்கத்திலும், ஒளிர்ந்த விளிம்பு அதற்கு எதிர்ப்பக்கத்திலும் இருந்தன. சித்திரம் பழகிய கண்ணுக்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை: அவை பள்ளங்கள்.

ஆனால் அவர் அத்தோடு நிற்கவில்லை. விடை சரியானால், சூரியன் அந்தப் பிரதேசத்தில் மேலே ஏற ஏற நிழல்கள் சுருங்க வேண்டும். நாளுக்கு நாள் காத்திருந்து பார்த்தார், சுருங்கின. ஒளியெல்லைக்கு அப்பால், முழு இருட்டுக்குள்ளே, தொடர்பே இல்லாமல் சில ஒளிப்புள்ளிகள் மின்னிக்கொண்டிருந்தன. இரண்டு மூன்று மணி நேரத்தில் அவை பருத்து, ஒளிப் பகுதியோடு வந்து கலந்தன. பள்ளத்தாக்குகள் இருளில் உறங்கும்போதே மலைச்சிகரங்கள் விடியலின் முதல் கிரணத்தை ஏந்தி நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. 1610-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெனிஸில் வெளியான நட்சத்திரத் தூதன் என்ற சிறு நூலில் இந்த உண்மையை அவர் உலகத்துக்கு அறிவித்தார்.

சிகரம் என்று கண்ட மாத்திரத்தில் அதன் உயரம் என்ன என்று கேட்டது கணித ஆசிரியரின் மனம். சந்திரனின் குறுக்களவு ஏறக்குறைய 2,000 இத்தாலிய மைல் என்று கொண்டார். ஆகவே ஆரம் 1,000. எல்லையைக் கடந்து இருளுக்குள் மின்னும் புள்ளி சில சமயம் குறுக்களவில் இருபதில் ஒரு பங்கு தூரம் தள்ளியிருந்தது. அது 100 மைல். சூரிய கிரணம் எல்லையில் சந்திரனைத் தொட்டுக்கொண்டு நேராகச் சென்று அந்தச் சிகரத்தில் படுகிறது. சந்திரனின் மையம், எல்லை, சிகரம் ஆகிய மூன்றும் ஒரு செங்கோண முக்கோணம். 1,000-இன் வர்க்கத்தோடு 100-இன் வர்க்கத்தைக் கூட்டினால் 10,10,000. அதன் வர்க்கமூலம் கிட்டத்தட்ட 1,005. அதில் ஆரத்தைக் கழித்தால் மிஞ்சுவதே மலையின் உயரம். 4 மைலுக்கு மேல் என்று எழுதினார். சந்திரனின் பெரிய மலைகளில் ஒன்று 5 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது என்று இன்று அறிந்திருக்கும் நமக்கு, ஒரு பள்ளிக்கூடத்துத் தேற்றத்தையும் ஒரு வெளிச்சப் பொட்டையும் கொண்டு அந்த அளவுக்கு அருகே ஒருவர் சென்றதை எண்ணும்போது மெய்சிலிர்க்கிறது. அந்தக் கணக்கை ஹாரியட்டும் அநாயாசமாகப் போட்டிருப்பார். கணக்குக்கு விஷயம் இருக்கிறது என்று காட்டியது, அந்தப் பொட்டைப் பொட்டாக விட்டுவைத்த தூரிகைதான்.

சொல் எப்போதும் ஒரு சலுகை தருகிறது. மாசு, கறை, களங்கம் என்று ஒரு பெயரை வைத்துவிட்டு அப்பால் போய்விடலாம், கேட்பவனும் திருப்தியடைந்துவிடுவான். தூரிகை அந்தச் சலுகையைத் தருவதில்லை. கறை எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கத்தில் கனக்கிறது, அதன் விளிம்பு கூரியதா கரைவதா, நேற்று இருந்த அளவு இன்றும் இருக்கிறதா என்று அங்குலத்துக்கு அங்குலம் தீர்மானித்தாலன்றித் தீட்ட முடியாது. இவ்வளவு கேள்விகளுக்கு விடை தேடிக் கண் திரும்பத் திரும்பப் பொருளிடம் போகிறது. அந்தப் போக்குவரத்தில்தான் பிரச்னையின் முடிச்சு நெகிழ்கிறது. சித்திரம் தீட்டுவது கண்டதை எழுதிவைக்கும் காரியம் என்று பலர் நினைக்கிறார்கள். காண்பதற்கே அதுதான் உபாயம் என்பது என் நம்பிக்கை.

நட்சத்திரத் தூதனிலேயே இன்னும் இரண்டு இடங்களில் ஓவியரின் கண் வேலை செய்வதைக் காணலாம். சந்திரனில் அத்தனை மலைகள் இருந்தால் அதன் வெளிவிளிம்பு ஏன் சக்கரத்தின் பற்களைப் போலக் கரடுமுரடாக இல்லை என்று எதிரிகள் கேட்பார்கள் என்று எதிர்பார்த்து, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் மலைத்தொடர்கள் ஓரத்தில் ஒன்றன் இடைவெளியை ஒன்று மறைத்து ஒரே மட்டமாகத் தோன்றும் என்று பதில் சொன்னார். தூரநோக்குச் சாஸ்திரம் படித்தவர் சொல்லும் பதில் அது. சந்திரனைச் சூழ்ந்த ஆவி மண்டலமும் விளிம்பை மறைக்கிறது என்று அதனோடு சேர்த்துச் சொன்ன காரணம் மட்டும் நிலைக்கவில்லை. மூன்றாம் பிறையின் இருண்ட உடல் மங்கலாகத் தெரிவது ஏன் என்பது இரண்டாவது. பிறையின் ஒளிக்கீற்றை ஒரு கூரையோ புகைபோக்கியோ மறைக்கும்படி நின்றுகொண்டு பார்த்தால் அந்த மங்கல் ஒளி நன்றாகத் தெரியும் என்று வழியும் சொல்லி, அது சூரிய ஒளியைப் பூமி திருப்பி அனுப்புவதால் உண்டாவது என்று நிரூபித்தார். நிழலில் இருக்கும் பக்கமும் முழு இருளாக இராது, அடுத்துள்ள பொருளின் ஒளியை வாங்கிக்கொள்ளும் என்பது இத்தாலிய ஓவியர்களின் பால பாடம். வெயிலில் புல்வெளியில் நடப்பவர்களின் முகத்தில் பச்சைச் சாயல் படிவதை 1435-லேயே ஆல்பெர்ட்டி குறித்திருக்கிறார். பிறையின் மங்கல் ஒளிக்கு இதே காரணத்தைக் கலிலியோவுக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தவர் லியோனார்டோ டாவின்சி. அவரும் ஓவியர் என்பதை எதேச்சையான பொருத்தமாக நான் கருதவில்லை.

சூரியனில் தோன்றும் புள்ளிகளைப் பற்றிய வாக்குவாதம் இதைவிட ரசமானது. ஷைனர் என்ற ஜெர்மானியப் பாதிரியார், அவை சூரியன்மேல் உள்ளவை அல்ல, சூரியனைச் சுற்றும் சிறு கிரகங்கள் என்று வாதித்து, 1612-இன் தொடக்கத்தில் புனைபெயரில் கடிதங்களை வெளியிட்டார். அவர் பூண்ட பெயர், தன் சித்திரத்தின் பின்னே மறைந்து நின்று பார்ப்பவர்களின் விமரிசனத்தைக் கேட்டதாகக் கதை வழங்கும் கிரேக்க ஓவியன் அபெல்லஸின் பெயர். ஓவியன் பெயரைப் பூண்டவர் காணாததை ஓவியரின் நண்பரான கலிலியோ கண்டார். தம் சீடர் காஸ்தெல்லி வகுத்த முறைப்படி, தொலைநோக்கியின் பின்னால் தாளைப் பிடித்துச் சூரிய பிம்பத்தை அதில் விழச் செய்து, முன்னதாகவே வரைந்துவைத்த வட்டத்துக்குள் புள்ளிகளை நாள்தோறும் பதிந்தார். நடுவில் அகன்று இருக்கும் புள்ளி ஓரத்தை நெருங்க நெருங்க மெலிந்து கோடாகிறது. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரமும் அவ்வாறே குறுகுகிறது. உருண்டையின்மேல் வரைந்த கோலம் ஓரத்தில் இப்படித்தான் குறுகித் தோன்றும் என்பது தூரநோக்குச் சாஸ்திரம். ஆகவே புள்ளிகள் சூரியனின் மேனியிலேயே, அல்லது அதையொட்டியே இருக்கின்றன, சூரியன் தன்னைத்தானே சுற்றுகிறது என்று தேறிற்று. 1613-இல் ரோமாபுரியில் அச்சான அந்தச் சித்திரங்களை வரிசைப்படி அடுக்கி வேகமாகப் புரட்டினால், சூரியன் சுழல்வதை இன்றும் கண்ணாரக் காணலாம். ஷைனரும் சளைத்தவரல்ல; பிற்காலத்தில் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, சூரியப் புள்ளிகளைப் பற்றி மிக நுட்பமான சித்திரங்கள் நிறைந்த பெரிய நூலொன்றைச் செய்தார்.

எல்லாரும் மாறவில்லை. கிரகோரியன் பஞ்சாங்கத்தை வகுத்தவர்களில் தலைசிறந்தவரான கிளாவியஸ், தொலைநோக்கியில் தம் கண்ணாலேயே பார்த்த பிறகும், சந்திரனின் மேற்பரப்பு மேடுபள்ளமானது என்று ஒப்பாமல், பொருளின் அடர்த்தி வேறுபாடு என்ற பழைய சமாதானத்தையே பற்றிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு வியந்துபோன சிகோலி 1611 ஆகஸ்டில் கலிலியோவுக்குக் கடிதம் எழுதினார்: எவ்வளவு பெரிய கணிதராயினும் சித்திரம் அறியாதவர் பாதிக் கணிதர் என்பது மட்டுமல்ல, கண் இல்லாத மனிதரும் ஆவார் என்பது அவருடைய தீர்ப்பின் சாரம். கடுமையான தீர்ப்புத்தான், வயது முதிர்ந்த பண்டிதர் ஒருவரைப் பற்றி இவ்வளவு கடுமை வேண்டாம் என்றும் தோன்றும். ஆனால் தப்பான தீர்ப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சிகோலி வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. அப்போது ரோமாபுரியில் ஸாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தில் போப்பரசரின் ஆலயக் கூடத்து விதானத்தில் மேரி மாதாவைச் சுவர்ச்சித்திரமாகத் தீட்டிக்கொண்டிருந்தார். மாதாவின் பாதத்தின் கீழே மாசற்ற பிறையை வைப்பது கிறிஸ்தவ ஓவியரின் நெடுநாளைய மரபு. அவளுடைய நிர்மலத்துக்கு அது குறி. 1612-இல் நிறைவேறிய அந்தச் சித்திரத்தில் சிகோலி வைத்த சந்திரனோ, தம் நண்பர் கண்ட பள்ளங்களும் கோணலான ஒளியெல்லையும் உடைய நிஜமான சந்திரன். ஓவியம் விஞ்ஞானத்துக்குக் கண் கொடுத்தது. விஞ்ஞானம் அந்தக் கடனை ஓவியத்துக்கே திருப்பிக் கொடுத்தது. அதைத் தீட்டிய தேவாலயத்திலிருந்தே அவர் சூரியப் புள்ளிகளையும் நோக்கி, வரைந்து, கலிலியோவுக்கு அனுப்பிவந்தார் என்பதை நினைக்கும்போது, அந்த இருவரின் சிநேகத்தின்மேல் எனக்குப் பொறாமையே உண்டாகிறது.

ரசிகர்களுக்கு ஓர் எச்சரிக்கையையும் இங்கே சேர்ப்பது என் கடமை. நம் காலத்தில், அச்சுச் சித்திரங்களுக்குப் பதிலாகக் கலிலியோ தம் கையாலேயே சந்திரனைத் தீட்டியது என்று சொல்லி, நட்சத்திரத் தூதனின் பிரதி ஒன்று நியூயார்க்கில் வெளிப்பட்டது. கலை நிபுணர்கள் கூடி ஆராய்ந்து மெய்யென்றே சான்று அளித்தார்கள். 2012-இல், நூலக முத்திரையிலும் தலைப்புப் பக்கத்திலும் இருந்த சிறு பொருந்தாமைகளைக் கவனித்த ஒரு நூல் வரலாற்றாசிரியரின் முயற்சியால் அது போலி என்று வெளியாயிற்று. மயங்கிய கண் கேள்வியை விட்டுவிடும். மூலத் தாளின் முன் நின்ற கலிலியோவின் கண்ணோ மயங்கியபோதும் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால்தான் அதைப் பயிற்சி பெற்ற கண் என்கிறோம்.

சித்திரத்தால் கண் பயிற்சி பெறுவது கலிலியோ என்ற ஒரு மேதையோடு முடிந்துபோன விஷயம் அல்ல. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையின் தோல் வைத்தியப் பேராசிரியர் ஒருவர், நோயாளியின் உடலைக் கவனிப்பதில் மாணவர்கள் பின்தங்கியிருக்கிறார்களென்று கண்டு, அவர்களை அங்குள்ள ஓவியக்கூடத்துக்கு அழைத்துச் சென்று, ஆளுக்கொரு பழைய பிரிட்டிஷ் ஓவியத்தின் முன் நிற்கவைத்து, காண்பதையெல்லாம் வருணிக்கச் சொன்னார். அந்தப் பயிற்சி பெற்றவர்கள் நோய்க் குறிகளைக் காண்பதில் மற்றவர்களைவிடத் தேர்ந்திருந்தார்கள் என்று 2001-இல் அந்நாட்டு மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் முடிவு வெளியாயிற்று.

நம் பள்ளிக்கூடங்களில், பரீட்சை நெருங்கினால் சித்திர வகுப்பின் மணியைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வது நெடுநாளைய வழக்கம். கணக்கின்மேல் உள்ள அக்கறையினாலேயே தலைமையாசிரியர்கள் அதற்கு இணங்குகிறார்கள் என்பதை நான் அறிவேன். அந்த அக்கறையின் பேரிலேயே அவர்களை வேண்டிக்கொள்கிறேன். சித்திர மணியைச் சித்திரத்துக்கே விட்டுவிடுங்கள். அந்த மணியில் பிள்ளைகளை, அச்சிட்ட படத்தைப் பார்த்து நகல் எடுக்கவோ, வாழ்த்து அட்டைக்கு வர்ணம் தீட்டவோ ஏவாமல், ஒரு கிண்ணத்தையும் ஒரு பந்தையும் முன்னே வைத்து, ஜன்னல் கதவுகளைச் சாத்திவிட்டு, பக்கத்தில் ஒரு விளக்கை ஏற்றி, நிழல் எங்கே விழுகிறது, ஏன் அங்கே விழுகிறது என்று கேட்டு வரையச் சொல்லுங்கள்; அடுத்த வாரம் விளக்கை மட்டும் இடம் மாற்றி, மறுபடியும் வரையச் சொல்லுங்கள்.